ஹெர்ஸ்டால் ஆலை: பங்குகள் பெர்லினில், பட்டறை பெல்ஜியத்தில்

திருவெறும்பூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். அரசு ஆலை ஒன்றின் டூல் ரூமில் (ஆலைக்குத் தேவையான கருவிகளையும் அளவுகோல்களையும் செய்கிற பிரிவு) 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பழைய துப்பாக்கி ஆலைகளின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்கிறேன். அதில் ஒரு ஆலை ரொம்ப நாளாக மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், பேசலாம் என்று எழுதுகிறேன்.

பெல்ஜியத்தில் லியேஜ் நகரை ஒட்டி, மியூஸ் ஆற்றங்கரையில் ஹெர்ஸ்டால் என்று ஓர் ஊர். 1889-ல் அங்கே எஃப்.என். ஆலையைத் தொடங்கினார்கள். ஃபாப்ரிக் நஷியோனால் என்பதன் சுருக்கம் அது. தேசிய ஆலை என்று அர்த்தம். பெல்ஜிய அரசுக்கு 1,50,000 மவுசர் ரைஃபிள்கள் தேவைப்பட்டன. லியேஜ் பட்டறைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து அந்த ஆர்டரை எடுத்தார்கள். ஆனால் மவுசர் ஜெர்மன் வடிவமைப்பு. உரிமமும் இயந்திரங்களும் பெர்லினில் இருந்த லுட்விக் லோவே கம்பெனி வழியாகத்தான் வந்தன. பிறகு உரிமத் தகராறு கோர்ட்டுக்குப் போய், 1896-ல் எஃப்.என். பங்குகளில் பெரும்பகுதி லோவே கைக்குப் போய்விட்டது. அதே வருடம் லோவேயின் ஆயுதத் தொழில் டி.டபிள்யூ.எம். என்ற பெரிய கம்பெனியானது. பெயர் தேசிய ஆலை, முதலாளி பெர்லினில்.

1914 ஆகஸ்டில் அந்த முதலாளியின் நாட்டுப் பட்டாளமே லியேஜுக்குள் நுழைந்தது. என் கேள்வி இதுதான்: அன்றைக்கு அந்த ஆலை யாருடையது? பங்குப்பத்திரப்படி ஜெர்மானியருடையது. மண் பெல்ஜியத்துடையது. வேலை தெரிந்த கை அத்தனையும் ஹெர்ஸ்டால்காரர்களுடையது.

டூல் ரூமில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு ரைஃபிளுக்கு நூற்றுக்கணக்கான கேஜும் (அளவு சரியா என்று பார்ப்பது), ஜிக்கும் பிக்ஸ்சரும் (பாகத்தை அசையாமல் பிடித்து வேலை செய்ய உதவுபவை) வேண்டும். தோட்டாவுக்குப் பின்னால் குழாயை மூடுகிற போல்ட்டின் பூட்டு முனை உட்காரும் இடத்தில் ஒரு கேஜ் 'போகும்', இன்னொன்று 'போகாது'. அந்த இரண்டுக்கும் இடையிலிருப்பது தலைமுடி அளவுகூட இல்லை. அந்த கேஜ் தேய்ந்தால் அதைத் திரும்பச் செய்கிற ஆள் வேண்டும். அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால், பத்திரம் யார் பெட்டியில் இருந்து என்ன?

சட்டம்படிப்பவள்:

ஐயா, நல்ல இழை. சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அன்றைக்கு நடப்பில் இருந்தது 1907-ன் ஹேக் ஒப்பந்தம். அதன் 46-ஆவது விதிப்படி, ஆக்கிரமித்த நாட்டில் தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யக்கூடாது. 53-ஆவது விதி அதற்கு ஒரு விலக்கு வைக்கிறது: ஆயுதக் கிடங்கும் போர்த் தளவாடமும் தனியாருடையதாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம், சமாதானம் வந்ததும் திருப்பித் தரவேண்டும், இழப்பீடும் தீர்க்கவேண்டும். 52-ஆவது விதி ஆட்களைப் பற்றியது. உள்ளூர் மக்களிடம் பொருளும் வேலையும் கேட்கலாம். ஆனால் தன் நாட்டுக்கு எதிரான போர் நடவடிக்கையில் பங்கெடுக்க வைக்கிற வேலையைக் கேட்கக்கூடாது.

எஃப்.என். விஷயத்தில் சிக்கல் எங்கே என்றால், ஜெர்மன் ராணுவத்தின் கண்ணில் அது எதிரிச் சொத்தே கிடையாது. சொந்த நாட்டு முதலாளியின் சொத்து. 53-ஆவது விதியைத் தேடவேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. அவர்களை மறித்து நின்றது 52 மட்டும்தான். ஆலை உங்களுடையது என்றே வைத்துக்கொண்டாலும், எங்கள் பிள்ளைகள் ஈசர் ஆற்றங்கரையில் நின்று சண்டை போடும்போது, அவர்களைச் சுடுகிற துப்பாக்கியை எங்களையே செய்யச் சொல்ல முடியாது. தொழிலாளிக்குக் கிடைத்த ஒரே பிடிமானம் அது.

கரிசல்காட்டான்:

மன்னிக்கவேண்டும், எனக்கு இதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஆயுதம் செய்து விற்றவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு இரக்கம்? பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி, ஜெர்மனியின் க்ரூப் ஆயுதக் கம்பெனியிடம் உரிமம் வாங்கி ஷெல் ஃபியூஸ் (பீரங்கிக் குண்டை வெடிக்க வைக்கும் பாகம்) செய்தது. அந்த ஃபியூஸ் பூட்டிய குண்டுகள் ஜெர்மன் சிப்பாய்கள் மேலேயே விழுந்தன. போர் முடிந்த பிறகு க்ரூப் உரிமத்தொகை கேட்டு வழக்குப் போட்டது. அமெரிக்கா தன் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளுக்காக மவுசர் கம்பெனிக்கு 2,00,000 டாலர் உரிமத்தொகை கட்டியது. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் கையில் இருந்த பிஸ்டல் ஹெர்ஸ்டாலில் செய்தது, எஃப்.என். 1910 மாடல். அதை விற்ற லாபத்தில் பங்கு பெர்லினுக்குப் போயிருக்கிறது. அந்தத் தோட்டாவில் தொடங்கிய போர்தான் ஐந்தே வாரத்தில் அந்த ஆலை வாசலுக்கும் வந்தது. இந்தத் தொழிலில் பணத்துக்கு நாடு கிடையாது. அதில் 'யாருடைய ஆலை' என்று கேட்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

பழையஏடு:

கரிசல் அண்ணா சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1897-ல் டி.டபிள்யூ.எம்., மவுசர், ஆஸ்திரியாவின் ஸ்டைர், எஃப்.என். எல்லாம் கூடி உட்கார்ந்து ரைஃபிள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டன. எஃப்.என்.-க்குக் கிடைத்த பங்கு சின்னது. அதனால்தான் அவர்கள் சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் என்று பக்கத் தொழில்களுக்குப் போனார்கள். அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கோடு கை கோத்ததும் அதே வருடம். 1914 தொடக்கத்தில் பத்து லட்சமாவது பிரௌனிங் பிஸ்டலைச் செய்து முடித்து விருந்து வைத்தார்கள்.

ஆனால் பணத்துக்கு நாடு இல்லை என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. ஜெர்மன் படை நுழைந்த பிறகு ஹெர்ஸ்டாலில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். லியேஜைச் சுற்றியிருந்த கோட்டைகளில் கடைசியானது 1914 ஆகஸ்ட் 16-ல் விழுந்தது. பெரும்பங்கு வைத்திருந்த முதலாளிக்கு ஆலையை ஓட்ட எல்லா வசதியும் இருந்தது. இயந்திரங்கள் அப்படியே நின்றன. ஆனாலும் ஆலை நிர்வாகம் ஜெர்மானியருக்காக வேலை செய்ய மறுத்தது, தொழிலாளிகளும் மறுத்தார்கள். கடைசியில் ராணுவம் ஆலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. தன் நாட்டு முதலாளிக்குச் சொந்தமான ஆலையை அந்த நாட்டு ராணுவமே எடுக்கவேண்டி வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவேன்.

மறுத்தவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். பெல்ஜியம் முழுக்க ஆலைகள் மூடிக் கிடந்தன. லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர் நடத்திய நிவாரணக் குழுவின் கப்பல்களில் கோதுமை வந்தது. ஊர் ஊராக சூப்பும் ரொட்டியும் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். வேலை இல்லாமல் இருப்பதையே ஜெர்மானியர்கள் குற்றமாக்கினார்கள். 1916 அக்டோபரிலிருந்து ஆட்களைப் பிடித்து ரயிலில் ஏற்றத் தொடங்கினார்கள். மொத்தம் சுமார் 1,20,000 பெல்ஜியத் தொழிலாளிகள்; பாதிப் பேர் ஜெர்மனிக்கு, மீதிப் பேர் போர்முனைக்குப் பின்னால் குழி வெட்டவும் தண்டவாளம் போடவும். நிறையப் பேர் திரும்பவில்லை.

தப்பிப்போன தொழிலாளிகள் கதையும் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே பர்ட்லி என்ற ஊரில் ஒரு ஷெல் ஆலையை முழுக்க முழுக்க பெல்ஜியர்களே நடத்தினார்கள். பக்கத்திலேயே எலிசபெத்வில் என்று தங்கள் ராணியின் பெயரில் குடியிருப்பு. அங்கே பெல்ஜியப் போலீஸ், பெல்ஜியப் பள்ளிக்கூடம், பெல்ஜியச் சட்டம். ஆலை எதிரி கையில், ஆலைக்காரன் நேச நாட்டில்.

1918-க்குப் பிறகு கணக்கு தீர்ந்தது. 1919-ல் டி.டபிள்யூ.எம். வைத்திருந்த பங்குகளை பெல்ஜியத்தின் சொசியேத்தே ஜெனரால் வங்கியைச் சேர்ந்த குழு எடுத்துக்கொண்டது. அப்போதுதான் தேசிய ஆலை உண்மையிலேயே தேசிய ஆலையானது.

திருவெறும்பூர்க்காரன்:

பழையஏடு அவர்களுக்கு நன்றி. பர்ட்லி கதை எனக்குப் புதுசு.

தம்பி கரிசல், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் முதலாளிக்காக இரக்கப்படவில்லை. பங்கு வைத்திருந்தவனுக்கு அந்தப் போரில் போனது பணம். ஹெர்ஸ்டால் தெருவில் பிறந்து, பதினாலு வயதில் ஃபைலைக் கையில் பிடித்து, இருபது வருடம் ஒரே பெஞ்சில் நின்றவனுக்குப் போனது வேறு. அவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

1940-ல் அதே டி.டபிள்யூ.எம். திரும்ப வந்தது என்று படித்திருக்கிறேன். அதை யாராவது விரிவாகச் சொல்லுங்கள்.

பழையஏடு:

ஆமாம் ஐயா, வந்தது. 1940 மே மாதம் ஜெர்மன் படை மறுபடி உள்ளே நுழைந்தது. இந்த முறை டி.டபிள்யூ.எம். குன்ட்டர் குவாண்ட் என்ற தொழிலதிபரின் கையில் இருந்தது. அவர்களிடம் எஃப்.என்.-ன் பங்கு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஆலையை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். ஆலையின் பெயரே 'டி.டபிள்யூ.எம். வெர்க் லூட்டிஷ்' என்று மாறியது. லூட்டிஷ் என்பது லியேஜுக்கு ஜெர்மன் பெயர். முதல் போரில் பங்கு இருந்தும் ஆலையை ஓட்ட முடியவில்லை. இரண்டாவது போரில் பங்கே இல்லாமல் ஓட்டினார்கள்.

எப்படி முடிந்தது? இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். அலெக்ஸாண்டர் கலோபின். எஃப்.என்.-ல் பொறியாளராக இருந்து தலைமைக்கு உயர்ந்தவர். 1935 முதல் சொசியேத்தே ஜெனரால் வங்கியின் கவர்னர். 1940 மே 15, பெல்ஜிய அரசு தலைநகரை விட்டுக் கிளம்புகிற நேரம். இரண்டு மந்திரிகள் இவரையும் இன்னும் சில வங்கித் தலைவர்களையும் கூப்பிட்டு நாட்டின் பொருளாதாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு அவர் வகுத்ததுதான் கலோபின் கொள்கை. ஆலைகள் ஓடட்டும், நிலக்கரியும் இரும்பும் துணியும் செய்யட்டும், அதைக் கொடுத்துச் சாப்பாடு வாங்கலாம், இல்லாவிட்டால் 1916 போல ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் ஆயுதம் மட்டும் கிடையாது.

படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரும்புத் தகடு எங்கே போய் என்னவாகிறது என்று யார் பார்ப்பது? எஃப்.என். போன்ற ஆலைக்கு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க இடமே இல்லை. அங்கே செய்வது ஆயுதம்தான். அதனால் பழைய நிர்வாகம் ஒதுங்கியது, ஜெர்மானியர்கள் நேரடியாக உட்கார்ந்தார்கள். வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். நான்கு வருடத்தில் பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டல் மட்டும் சுமார் 3,19,000 செய்து ஜெர்மன் ராணுவத்துக்குக் கொடுத்தார்கள்.

அதே லியேஜில்தான் படையெடுப்பின் முதலாம் ஆண்டு நிறைவு நாளான 1941 மே 10-ல் கோக்ரில் எஃகு ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி லட்சம் பேர் அளவுக்குப் பரவியது. தொழிலாளர் தலைவர் ஜூலியன் லஹோ முன்னால் நின்றார். ஆக்கிரமிப்புப் படை 8 சதவீதம் கூலி உயர்த்த ஒப்புக்கொண்ட பிறகுதான் முடிந்தது. லஹோவைப் பிறகு பிடித்து வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். உயிரோடு திரும்பி வந்தவரை 1950-ல் சுட்டுக் கொன்றார்கள். கலோபினும் 1944 பிப்ரவரி 28-ல் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். அவரைச் சுட்டவர்கள் ஜெர்மானியர்களோடு சேர்ந்துகொண்ட பெல்ஜியர்கள். ஒருவர் தொழிலாளியின் தலைவர், ஒருவர் முதலாளிகளின் தலைவர். இரண்டு பேருக்கும் முடிவு வாசற்படியில்.

தண்டவாளம்77:

எஃப்.என்.-ஐ மட்டும் பேசினால் படம் முழுமையாகாது. செக்கோஸ்லோவாக்கியாவையும் பாருங்கள்.

பில்சன் நகரத்து ஸ்கோடா ஆலையில் 1919 முதல் பெரும்பங்கு பிரான்ஸின் ஷ்னைடர் கம்பெனியிடம் இருந்தது. 1938 செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் செக் நாட்டைக் கைவிட்டன. அந்த வருடம் முடிவதற்குள் ஷ்னைடர் தன் பங்குகளை செக் தரப்புக்கே விற்றுவிட்டு வெளியேறியது. 1939 மார்ச் 15-ல் ஜெர்மன் படை பிராகாவில் இருந்தது. பிறகு ஸ்கோடாவும் புருனோ நகரத்து ஆயுத ஆலையும் ஹெர்மன் கோரிங் பெயரிலிருந்த அரசுக் கம்பெனியின் பிடிக்குள் போயின. பிரெஞ்சு முதலாளிக்குப் பணம் தப்பியது. ஸ்கோடா பீரங்கியும் செக் டாங்கிகளும் அடுத்த வருடம் பிரான்ஸுக்குள்ளேயே வந்தன. ஜெர்மன் தளபதி ரோம்மல் நடத்திய 7-ஆவது பான்சர் (டாங்கிப்) படைப்பிரிவில் பெரும் பங்கு செக் நாட்டு 38 டி டாங்கிகள்.

புருனோ கதை இன்னும் வினோதம். அவர்களின் இலகு மெஷின் கன்னை பிரிட்டன் 1935-ல் உரிமம் வாங்கியது. ஆங்கிலத்தில் எழுதினால் புருனோவில் முதல் இரண்டு எழுத்தும், பிரிட்டிஷ் ஆலை இருந்த என்ஃபீல்டில் முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்து 'பிரென்' என்று பெயர். என்ஃபீல்டு ஆலையில் 1937-ல் உற்பத்தி தொடங்கிவிட்டது. புருனோவின் இன்னொரு மெஷின் கன்னையும் பிரிட்டன் வாங்கி 'பெசா' என்று பெயர் வைத்து டாங்கிகளில் பூட்டியது. அவசரத்தில் குழாய் அளவை மாற்றவில்லை. அதனால் பிரிட்டிஷ் டாங்கிகள் போர் முழுக்க 7.92 மி.மீ. ஜெர்மன் அளவுத் தோட்டாவைத்தான் சுட்டன. ஜெர்மன் தரப்பிலும் அதே புருனோ துப்பாக்கி. ஆலை ஹிட்லர் கையில், வரைபடம் லண்டனில்.

டொராண்டோமயில்:

இந்த இழையை நேற்று இரவு முழுக்க வாசித்தேன். எனக்கும் ஒரு விசயம் சொல்லக் கிடக்கு.

நான் இருப்பது டொராண்டோவில். லிபர்ட்டி வில்லேஜ் என்ற பகுதி எங்களுக்குத் தெரிந்த இடம். இப்போது எல்லாம் கொண்டோ வீடுகளும் கோப்பிக் கடைகளும். அங்கேதான் முன்பு ஜான் இங்லிஸ் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. கொதிகலன் செய்த கம்பெனி. போர்க்காலத்தில் பிரென் கன் செய்தது. அதாவது தண்டவாளம் அண்ணை சொன்ன புருனோத் துவக்கு. 1941-ல் அங்கே வேலை செய்த ஒரு இளம் பெண்ணைப் படம் எடுத்து 'பிரென் கன் கேர்ள் ரோனி' என்று கனடா முழுக்கப் பரப்பினார்கள்.

எஃப்.என்.-ன் ஹை-பவரும் அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பிரௌனிங் 1926-ல் ஹெர்ஸ்டால் ஆலைக்குள்ளேயே மாரடைப்பில் இறந்துபோனார். அவர் விட்ட வேலையை முடித்து 1935-ல் அந்தப் பிஸ்டலை வெளியே கொண்டுவந்தவர் டியூடோனே செவ் என்ற பொறியாளர். ஆக்கிரமிப்புக்குப் பிறகு அவரும் இன்னும் சிலரும் இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்ச் சேர்ந்தார்கள். எஃப்.என். ஆட்களின் உதவியோடு வரைபடங்கள் கனடாவுக்கு வந்தன. சீன அரசுக்காக 1944-ல் இங்லிஸ் செய்யத் தொடங்கி, ஒன்றரை லட்சத்துக்கும் மேல் செய்து முடித்தது.

யோசித்துப் பாருங்கோ. 1944-ல் ஒரே பிஸ்டல் இரண்டு இடத்தில் செய்யப்படுகிறது. ஹெர்ஸ்டாலில் ஜெர்மன் ராணுவத்துக்கு, உண்மையான முதலாளியின் அனுமதி இல்லாமல். டொராண்டோவில் நேச நாடுகளுக்கு, அந்தத் தொழிற்சாலையிலிருந்து தப்பி வந்தவர்களின் உதவியோடு. எது எஃப்.என். பிஸ்டல்? என்னைக் கேட்டால் நான் டொராண்டோவில் செய்ததைத்தான் சொல்லுவேன்.

ஊரையும் வீட்டையும் விட்டு வந்த எங்களுக்கு இது வெறும் துவக்குக் கதை இல்லை. கையிலே தொழில் மட்டும் கொண்டுவந்தவர்களை எனக்குத் தெரியும்.

திருவெறும்பூர்க்காரன்:

டொராண்டோ தங்கச்சிக்கு (தம்பி என்றால் மன்னிக்கவும்) நன்றி. அந்த பிஸ்டல் எனக்கும் தூரத்து உறவு. நம் ராணுவ அதிகாரிகள் இடுப்பில் வைத்திருக்கும் 9 மி.மீ. பிஸ்டல் 1ஏ, மேற்கு வங்கம் இச்சாப்பூர் ஆலையில் செய்வது, அதே ஹை-பவர் வடிவம்தான். நம் சிப்பாய்கள் பல வருடம் தூக்கிச் சுமந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளும் எஃப்.என்.-ன் எஃப்.ஏ.எல். ரைஃபிளிலிருந்து வந்தது. அதை வடிவமைத்ததும் அதே செவ்தான், போர் முடிந்து ஹெர்ஸ்டாலுக்குத் திரும்பிப் போய்.

மதுரைஆசிரியை:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஒன்று கேட்கவேண்டும். ஆக்கிரமிப்பில் வேலை செய்த தொழிலாளிகள் வேண்டுமென்றே பழுதான துப்பாக்கி செய்து கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். உண்மையா? அப்படியென்றால் வேலைக்குப் போனவர்களையும் குறை சொல்லமுடியாது அல்லவா?

திருவெறும்பூர்க்காரன்:

அம்மா, இதில் என் தொழில் சார்ந்து கொஞ்சம் சொல்லலாம்.

போர்க்கால ஹெர்ஸ்டால் பிஸ்டல்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் செய்தவற்றில் பக்கவாட்டு முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். கறுப்புப் பூச்சு அதன்மேல் நீலம் பாய்ந்து நிற்கும். 1943, 44-ல் செய்தவற்றில் மில்லிங் கட்டர் போன தடம் அப்படியே தெரிகிறது, உழுத நிலத்தில் சால் தெரிகிற மாதிரி. கைப்பிடித் தகடு மரத்திலிருந்து பேக்கலைட்டுக்குப் போகிறது. ஓரத்தில் சின்னக் கழுகும் கீழே எண்ணும் குத்தியிருக்கும். அது ஜெர்மன் ஆய்வாளரின் முத்திரை.

அந்தக் கட்டர் தடத்தைக் காட்டி நாசவேலை என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாலீஷ் போடாமல் விட்டது மேலிருந்து வந்த அவசரம். எண்ணிக்கை கேட்கும்போது முதலில் வெட்டு விழுவது பாலீஷ் பெஞ்சுக்குத்தான். எல்லா நாட்டு ஆலையிலும் அப்படித்தான். உண்மையான நாசவேலை கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் செய்தவன் அன்றைக்கே சுவரோரம் நிற்கவேண்டியதுதான். முத்திரை குத்துகிற ஆய்வாளர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார். அதனால் 'வேலைக்குப் போனான், ஆனால் கெடுத்தான்' என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட முடியாது. கெடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். பிள்ளைக்கு ரொட்டி வேண்டும் என்று தலையைக் குனிந்து செய்தவர்கள் நிச்சயம் அதைவிட அதிகம்.

பழையஏடு:

இதற்கு போலந்தில் ஒரு சாட்சி இருக்கிறது. ராடோம் நகரத்து அரசு ஆயுத ஆலை. 1939-க்குப் பிறகு ஆஸ்திரியாவின் ஸ்டைர் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். விஸ் என்ற பிஸ்டலை போலந்துத் தொழிலாளிகளை வைத்தே செய்தார்கள். தொழிலாளிகள் பாகம் பாகமாக வெளியே கடத்தி, சேர்த்து, ரகசிய ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். கண்டுபிடித்ததும் 1942 அக்டோபரில் ராடோமில் பொது இடத்தில் தூக்கில் போட்டார்கள். அதில் ஆலைத் தொழிலாளிகளும் உண்டு.

ஸ்டைர் செய்த இன்னொரு ஏற்பாட்டையும் பாருங்கள். குழாயை மட்டும் ராடோமில் செய்யவிடவில்லை. அதை ஆஸ்திரியாவில் செய்தார்கள். முழுத் துப்பாக்கி போலந்துக்காரன் கையில் ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது என்பதற்காக.

திருவெறும்பூர்க்காரன்:

இதைப் படித்ததும் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். குழாயை மட்டும் பிரித்து வைத்தார்கள் என்றால், அந்த ஆலை தங்களுடையது இல்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கரிசல்காட்டான்:

சரி, தண்டனை யாருக்குக் கிடைத்தது? அதைச் சொல்லுங்கள்.

சட்டம்படிப்பவள்:

சுருக்கமாகச் சொல்கிறேன் அண்ணா. பெரிய வழக்கு க்ரூப்புடையது, 1947-48, நியூரம்பெர்க். அந்தக் கம்பெனியின் முதலாளி ஆல்ஃபிரைட் க்ரூப் மேல் இரண்டு குற்றம் நிரூபணமானது: அடிமை உழைப்பு, ஆக்கிரமித்த நாடுகளின் சொத்தைச் சூறையாடியது. சூறையாடிய கணக்கில் பிரான்ஸின் லியாங்கூர் ஊரிலிருந்த ஆஸ்டின் டிராக்டர் ஆலையும் வருகிறது. அதன் சொந்தக்காரர் ஒரு யூதர். அவர் ஆஷ்விட்ஸில் உயிரிழந்தார். ஆலை க்ரூப் கையில். தீர்ப்பு 12 வருடச் சிறை, சொத்து முழுவதும் பறிமுதல். 1951-ல் விடுதலை, சொத்தும் திரும்பக் கிடைத்தது.

பெல்ஜியத்தில் தண்டனைச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு இருந்தது. எதிரிக்கு ஆயுதம், பணம், உணவு கொடுத்து உதவுவது குற்றம். அதை அப்படியே எடுத்தால் நிலக்கரி தோண்டியவரிலிருந்து எல்லோரையும் உள்ளே போடவேண்டியிருக்கும். அதனால் போருக்குப் பிறகு அதற்கு விளக்கம் கொடுத்துச் சுருக்கினார்கள். கலோபின் உயிரோடு இருந்திருந்தால் கூண்டில் நின்றிருப்பாரா, சாட்சியாக வந்திருப்பாரா என்று எங்கள் வகுப்பில் ஒருநாள் முழுக்கச் சண்டை. நான் அவர் பக்கம் பேசினேன். இப்போது இந்த இழையைப் படித்தபிறகு அவ்வளவு உறுதியாகப் பேசமுடியுமா என்று தெரியவில்லை.

தண்டவாளம்77:

இன்னொரு தகவல். எஃப்.என். பிற்காலத்தில் பிரெஞ்சு அரசுக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. 1997-ல் லியேஜ் அடங்கிய வலோனியா பிராந்தியத்தின் அரசு முழுவதுமாக வாங்கிக்கொண்டது. இன்றைக்கு சொந்தக்காரர் அந்த மண்ணின் அரசு. அதே அரசுதான் ஆயுத ஏற்றுமதிக்கு உரிமமும் கொடுக்கிறது. அந்தத் துப்பாக்கி எங்கே போகிறது என்ற கேள்வி இப்போது பெர்லினில் இல்லை, அவர்கள் சட்டசபையிலேயே இருக்கிறது.

கரிசல்காட்டான்:

ஐயா, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். 1940-ல் நீங்கள் ஹெர்ஸ்டாலில் அந்த டூல் ரூமில் இருந்திருந்தால், வேலைக்குப் போயிருப்பீர்களா?

திருவெறும்பூர்க்காரன்:

கோபம் எதற்கு தம்பி. இந்தக் கேள்வியை நானே என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் எங்கள் ஆலையில் வேலைநிறுத்தம். 23 நாள். சம்பளம் இல்லை. பெரியவள் அப்போது கைக்குழந்தை. பதினெட்டாம் நாளோ என்னவோ, அரிசி டின்னில் ஆழாக்கை விட்டபோது அடித்தகரம் 'டங்'கென்று தட்டியது. வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது நம் நாட்டில், நம் அரசாங்கத்தில், யாரும் துப்பாக்கியோடு வாசலில் நிற்காத காலத்தில். மறுநாள் காலையில் கேட் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. ஆனால் போனேன்.

அதனால் போகமாட்டேன் என்று மார்தட்டிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேஷன் அட்டை அவர்கள் கையில், பிள்ளை வீட்டில், மறுத்தால் ரயில். போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். போய், தேய்ந்த கேஜை மாற்றச் சொன்னால் 'இன்னும் நாலு நாள் ஆகும் சார்' என்று சொல்லியிருப்பேன். உண்மையில் அது ஒருநாள் வேலை. அவ்வளவுதான் என்னால் முடிந்திருக்கும்.

1914-ல் மறுத்தவர்கள் என்னைவிடப் பெரியவர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. டொராண்டோ நண்பரே, அந்த இங்லிஸ் ஆலை இருந்த இடத்தில் பழைய செங்கல் சுவர் ஏதாவது நிற்கிறதா? அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.